சிரித்துக்கொண்டிருக்கும்போதே தூக்கிவாரிப் போடும் ஆல்பம்

அமெரிக்க ராப் பாடகர் எமினெமின் 'தி ஸ்லிம் ஷேடி எல்.பி.' ஆல்பம் வெளியானது 1999 பிப்ரவரி 23. வந்த வாரமே அமெரிக்க ஆல்பங்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு 200 பட்டியலில் இரண்டாம் இடம். மறு ஆண்டு சிறந்த ராப் ஆல்பத்துக்கான கிராமி. இத்தனைக்கும் 1996இல் டெட்ராய்ட்டில் அவர் போட்ட 'இன்ஃபினிட்' ஆல்பத்தை யாரும் சீண்டக்கூட இல்லை. எழுத்தில் குறையில்லை, பாணிதான் இரவல். நியூயார்க் ராப்பர் நாஸ் மாதிரி இருக்கிறது என்று சொல்லி ஒதுக்கிவிட்டார்கள்.

1997இல் போட்ட குறு ஆல்பத்தில் (இ.பி.) ஸ்லிம் ஷேடி என்ற பாத்திரம் வந்ததும்தான் கதை மாறியது. மூக்கால் இழுக்கும் குரல், கூசாத வாய். அடுத்தவரை அடிக்கும் முன் தன்னையே நாலு சாத்து சாத்திக்கொள்வான். இந்தக் கடைசிக் குணம் இல்லாவிட்டால் ஆல்பம் வெறும் வசவாகப் போயிருக்கும்.

இருட்டு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ''97 போனி அண்ட் கிளைட்' போதும். அப்பா தன் பச்சைக் குழந்தையை ராத்திரியில் காரில் ஏற்றி ஏரிக்குக் கூட்டிப்போகிறான். அம்மா டிக்கியில். கொலை என்ற பேச்சே இல்லை; சட்டையில் இருப்பது கெச்சப், கழுத்தில் இருப்பது சின்னக் கீறல் என்று மழலையிலேயே சமாதானம் சொல்கிறான். கேட்பவர்தான் மிச்சத்தைக் கணக்குப் போட வேண்டும். பயமும் அங்கேதான்.

'கில்ட்டி கான்ஷன்ஸ்' வேறு வகை. மூன்று சிக்கல்கள், ஒவ்வொன்றிலும் ஆல்பத்தின் தயாரிப்பாளர் டாக்டர் ட்ரே நல்ல மனசாட்சி, எமினெம் கெட்டது. மூன்றாவதில், மனைவியை இன்னொருவனோடு பார்த்துவிட்டவனை ட்ரே அமைதிப்படுத்தப் போகிறார். எமினெமோ, ட்ரே 1991இல் ஒரு பெண் தொகுப்பாளரைத் தாக்கிய விவகாரத்தைத் தோண்டி எடுக்கிறார். கடுப்பான நல்ல மனசாட்சியே 'இருவரையும் சுடு' என்கிறது. தயாரிப்பாளரை அவர் தயாரித்த ஆல்பத்திலேயே வாரிவிட ஒரு தைரியம் வேண்டும்.

'மை நேம் இஸ்' பாட்டின் பீட், பிரிட்டிஷ் பாடகர் லாபி சிஃப்ரேயின் 1975 பாடலிலிருந்து வெட்டியெடுத்த துணுக்கு (சாம்பிள்). அதில் கிட்டாரும் பேஸும் வாசித்தது லண்டன் பப் பாட்டுகளுக்குப் பேர்போன சாஸ் அண்ட் டேவ் இரட்டையர்! பெண்களையும் தன்பாலீர்ப்பாளர்களையும் இழிவுசெய்த வரிகளை மாற்றினால்தான் அனுமதி என்றார் சிஃப்ரே, மாற்றினார்கள். அடிப்பதானால் ஆதிக்கக்காரனை அடி, அடிபட்டவனை அல்ல என்பது அவர் வாதம். நியாயம்தான். ஆல்பத்தில் இன்று புளித்துப்போன இடங்களெல்லாம் அந்த வாதத்தில் சிக்குபவையே.

புதிதாகக் கேட்பவர்கள் 'ராக் பாட்டம்' பாட்டைத் தாண்டிவிடாதீர்கள். பாத்திரம் ஒதுங்கிக்கொள்ள, காசில்லாத தகப்பன் மட்டும் பேசுகிறான். நையாண்டிக்கு இடமே இல்லை. பாட்டுகளுக்கு நடுவே வரும் பேச்சுத் துணுக்குகளை (ஸ்கிட்) இரண்டாம் முறை தள்ளிவிடலாம், மேலாளர் பால் ரோசன்பெர்க்கின் போன் செய்தியைத் தவிர. ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, கொஞ்சம் அடக்கி வாசிக்க முடியுமா என்று கேட்கிறார்.