சுற்றும் சக்கரம் சொன்ன பேச்சு கேட்காது

கோயம்புத்தூர் கணபதியில் கிரில், கேட் வேலை செய்யும் சின்னப் பட்டறை எங்களுடையது. புதிதாக வரும் பையன்கள் கையில் இரும்பைத் தேய்க்கவும் அறுக்கவும் பிடிக்கிற ஏஜி-7 கிரைண்டரைக் கொடுத்தால், கொஞ்ச நேரத்தில் "அண்ணா, மெஷின் கையைத் திருப்புது" என்பார்கள். உண்மைதான், திருப்பும். ஏழு இன்ச் வீல், நிமிடத்துக்கு 8,500 சுற்று என்று மெஷினிலேயே போட்டிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது மணிக்கட்டைச் சட்டென்று ஒரு பக்கம் சாய்த்தால், மெஷின் சம்பந்தமே இல்லாத இன்னொரு பக்கம் இழுக்கும். சுவிட்சை அணைத்து, வீல் முழுசாக நின்றபிறகு அதே மாதிரி சாய்த்துப் பாருங்கள், வெறும் கனம்தான் தெரியும்.

கட்டிங் வீல் இரும்பில் சிக்கி உதைப்பது வேறு கதை. அதில் ஆளுக்கே ஆபத்து. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நான் சொல்வது வீல் எதையும் தொடாமல் காற்றில் சுற்றும்போதே தெரிகிற இழுப்பு.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஓடும் மெஷினை அப்படியே நேராக முன்னே தள்ளுங்கள், மேலே தூக்குங்கள், பக்கவாட்டில் நகர்த்துங்கள். ஒரு தகராறும் பண்ணாது. சுற்றுகிற வீலுக்கும் சும்மா இருக்கிற வீலுக்கும் அதில் வித்தியாசமே கிடையாது. அச்சு எந்தத் திசையைப் பார்க்கிறதோ, அந்தத் திசையை மாற்றப் போனால்தான் வம்பு.

ஏன் என்று புரிய வைக்க, பழைய சைக்கிளின் முன்சக்கரம் ஒன்றைக் கழற்றி வைத்திருக்கிறேன். அச்சின் இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். வண்டி முன்னே ஓடும்போது சுற்றுகிற திசையிலேயே வேறொருவர் அதை வேகமாகச் சுற்றிவிட வேண்டும். இப்போது இடது கையைத் தாழ்த்தி வலது கையை உயர்த்துங்கள். இடப்பக்கம் சாய வேண்டிய சக்கரம், சாய்வதற்குப் பதில் இடப்பக்கமாகத் திரும்பும். வலது கையை முன்னே தள்ளும், இடது கையை நெஞ்சுக்கு இழுக்கும். கொடுத்தது ஒரு திசை, கிடைப்பது அதற்குச் செங்குத்தான திசை.

ரிம்மில் ஒரு துண்டை மட்டும் கண்ணால் தொடர்ந்து போனால் மாயம் ஒன்றுமில்லை என்று தெரியும். நாம் சாய்க்கும்போது மேல்பாதியில் இருக்கும் இரும்பு இடப்பக்கம் தள்ளப்படுகிறது. சக்கரம் நின்றிருந்தால் அது அங்கேயே இடப்பக்கம் போயிருக்கும், கதை முடிந்தது. சுற்றும்போது அந்தத் துண்டு அங்கே நிற்பதில்லை. பின்பக்கத்திலிருந்து மேலேறி முன்பக்கம் வந்து சேரும் வரைக்கும் தள்ளு வாங்கிக்கொண்டே வருகிறது. அதனால் இடப்பக்க வேகம் அதிகமாகச் சேர்ந்திருப்பது உச்சியில் அல்ல, முன்னால். ஆக, இடப்பக்கம் போவது சக்கரத்தின் முன்பகுதி.

அப்படியென்றால் சைக்கிள் விழாமல் ஓடுவது இதனால்தானே என்று கேட்பார்கள். பாதி சரி. 1970-இல் டேவிட் ஜோன்ஸ் என்பவர், முன்சக்கரத்தோடு தரையில் படாத இன்னொரு சக்கரத்தை மாட்டி, எதிர்த்திசையில் சுற்றவிட்டு இந்த இழுப்பை ஒழித்துப் பார்த்தார். அப்படியும் அந்த வண்டியை ஓட்ட முடிந்தது. கையை விட்டு ஓட்டுவதுதான் சிரமமாகியது. இது உதவி செய்கிறது, ஆனால் இது மட்டுமே காரணமில்லை.

பம்பரத்தில் இன்னொரு வேடிக்கை. நல்ல வேகத்தில் சுற்றும்போது தலையாட்டம் மெதுவாக இருக்கும். ஓய்ந்து வர வர ஆட்டம் வேகமாகும். சுற்று எவ்வளவு வேகமோ, அவ்வளவு பிடிவாதம்.

பூமிக்கும் இதே சட்டம்தான். நடுவயிறு கொஞ்சம் பருத்த உருண்டை அது. நடுக்கோட்டு விட்டம் துருவ விட்டத்தைவிட 43 கிலோமீட்டர் அதிகம். சூரியனும் நிலாவும் அந்தப் பருமனைப் பிடித்து, சாய்ந்திருக்கும் அச்சை நிமிர்த்தப் பார்க்கின்றன. அச்சு நிமிர்வதில்லை, பக்கவாட்டில் நகர்ந்து வட்டமடிக்கிறது. ஒரு வட்டம் முடியச் சுமார் 26,000 வருஷம்.

நம் பஞ்சாங்கத்தில் இது பச்சையாகத் தெரிகிறது. சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22 வாக்கில். நாம் உத்தராயணம் என்று கொண்டாடுவது தை 1. சுமார் 1,700 வருஷத்துக்கு முன் இரண்டும் ஒரே சமயத்தில் வந்தவை. நம் மாதங்கள் நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடப்படுகின்றன, சூரியன் திரும்பும் நாளோ பூமியின் அச்சு சாய்ந்திருக்கும் திசையைப் பொறுத்தது. அந்த அச்சு நகர்வதால், ஏறக்குறைய 71 வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் தை தள்ளிப் போகிறது. விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12 அன்றுதான் அந்த வருஷத்து மகர சங்கராந்தி. இப்போது அது 14, சில வருஷம் 15.