ஊர்ப் பெயரில் இருக்கும் கோட்டை எங்கே?

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து இறங்கிவிட்டால், அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்துப் பெண்டன்வில் பக்கம் வேலை பார்க்கும் தமிழர்களுக்குச் சனிக்கிழமைதோறும் ஒரே தலைவலி: எங்கே கூட்டிப்போவது? 49ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் ஃபோர்ட் ஸ்மித். பெயரைக் கேட்டதுமே பெரியவர்கள் செஞ்சிக்கோட்டை அளவுக்கு எதிர்பார்த்துத் தொப்பி, தண்ணீர், முட்டிவலித் தைலம் சகிதம் காரில் ஏறிவிடுவார்கள். இறங்கியதும் கேள்வி வரும்: "கோட்டை எங்கப்பா?"

அதன் மேல்தான் நின்றுகொண்டிருப்பார்கள். ஆர்கன்சா ஆறும் போட்டோ (Poteau) ஆறும் கூடுகிற மேட்டில், ஓசேஜ், செரோக்கி என்ற இரண்டு பழங்குடி மக்களும் மோதிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள 1817இல் ராணுவம் எழுப்பிய மரக்கோட்டை அது. 1824இல் படை இன்னும் மேற்கே போய்விட்டது. இப்போது புல்லுக்குள் அஸ்திவாரக் கற்கள் மட்டும். பெயர் கொடுத்த தளபதி தாமஸ் ஸ்மித் இந்த ஊருக்கு வந்ததே கிடையாது.

1838இல் இரண்டாவது கோட்டையைக் கல்லில் ஆரம்பித்தார்கள். 1841இல் பொறுப்பேற்ற சக்கரி டெய்லர், பிற்பாடு அமெரிக்க அதிபரானவர், இது வீண் செலவு என்று கொத்தள வேலையை நிறுத்திவைத்தார். பாதியில் நின்ற ஒரு கொத்தளம் சரக்குக் கிடங்காக முடிந்தது. நகரத்திலேயே பழைய கட்டடம் அதுதான். கோட்டை பார்த்ததற்குச் சாட்சியாக வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியே ஆகவேண்டும் என்பவர்கள், அதன் கற்சுவரோரம் நின்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆற்றங்கரைப் பக்கம் 1825ஆம் ஆண்டு ஆர்கன்சாவின் மேற்கு எல்லையின் தொடக்கப்புள்ளியைக் காட்டும் கல் இருக்கிறது. ஒரு கால் ஆர்கன்சாவில், ஒரு கால் ஓக்லஹோமாவில் என்று காலை அகட்டி நிற்காதவர் குறைவு. இடுப்பு பிடித்துக்கொள்வதுதான் மிச்சம். 1905இல் அந்தத் துண்டு நிலத்தையும் ஆர்கன்சாவோடு சேர்த்துவிட்டார்கள், இரண்டு காலும் ஒரே மாநிலத்தில்தான். கோடையில் இந்த நடைப்பாதையைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். ஆற்றோரப் புழுக்கம் சென்னைக்காரரையே சோதிக்கும்.

வெயில் ஏறியதும் படைவீரர் குடியிருப்புக்குள் நுழையுங்கள். படை 1871இல் காலி செய்த பிறகு கூட்டாட்சி நீதிமன்றம் குடிவந்த கட்டடம் இது. ஊரின் உண்மையான சரித்திரமே இங்கேதான். 1875இல் வந்த நீதிபதி ஐசக் பார்க்கர் 21 வருடத்தில் 160 பேருக்கு மரண தண்டனை விதித்தார். தூக்கிலேறியவர்கள் 79 பேர். 1889 வரை மேல்முறையீட்டுக்கே வழியில்லை. மேலே நீதிமன்றம், அடியில் நிலவறைச் சிறை. வெளியே நிற்கும் தூக்குமேடை பழையதன் நகல். அசலை 1897இல் நகராட்சியே அகற்றிவிட்டது. அதன் முன்னால் குழந்தைகளைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுக்கும் வழக்கம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

மேற்கே இருந்த பழங்குடியினர் நிலப்பகுதிக்குள் புகுந்து குற்றவாளிகளைப் பிடித்துவந்த, நீதிமன்றத்தின் காவலர்களான மார்ஷல்களில் பாஸ் ரீவ்ஸ் தனி ரகம். அடிமையாகப் பிறந்தவர், எழுத்து தெரியாது. கைது ஆணைகளைப் பிறர் வாசிக்கக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு கிளம்புவார். காரிசன் அவென்யூ முனையில் குதிரைமேல் அவர் சிலை 2012இல் வந்தது. 2023இல் திறந்த மார்ஷல்கள் அருங்காட்சியகத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். சாயங்காலம் நுழைந்தால் பாதியில் கிளப்பிவிடுவார்கள்.

இனி சங்கடமான இடம். சுற்றுலா வரைபடம் கேட்டால் எல்லாரும் கைகாட்டுவது மிஸ் லாராஸ் என்ற அழகான பழைய வீட்டை. உள்ளே வரவேற்பும் பலமாக இருக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது பாலியல் விடுதி; தேசிய வரலாற்றுச் சின்னப் பட்டியலில் சேர்ந்த முதல் விடுதி என்று ஊரே பெருமையாகச் சொல்லும். வழிகாட்டி விளக்க விளக்க, "என்னடா சொல்றாங்க அந்தம்மா?" என்று அம்மா உங்கள் முகத்தைப் பார்ப்பார். "அந்தக் காலத்து ஹோட்டல்மா" என்று சொல்லித் தப்பிக்கலாம், கட்டியதே ஹோட்டலாகத்தான் என்பதால் பொய்யும் ஆகாது. ஆங்கிலம் தெரிந்த மாமனார் கூட இருந்தால் இந்த வழியும் அடைபட்டுவிடும். அவரை முன்கூட்டியே ஃபோர்ட் ஸ்மித் வரலாற்று அருங்காட்சியகத்தின் பழங்கால சோடாக் கடையில் ஐஸ்கிரீமோடு உட்கார வைத்துவிடுங்கள்.