ஒரு கிராண்டு, நான்கு பிள்ளைகள்

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்விட்டார். மழை பெய்தால் வெட்டு இல்லை, பிப்ரவரி வாக்கில் இலை உதிர்ந்தால் பால் குறைந்துவிடும். வீட்டில் உட்கார்ந்து அழ அவருக்கு நாள் கிடைக்கவில்லை.

எங்கள் ஊர் மலேசியாவின் பகாங் மாநிலத்தில் உள்ள லூரா பீலுட். 1956-இல் உருவான பெல்டா என்ற அரசு நிலக் குடியேற்ற அமைப்பின் ஆரம்பகாலக் குடியேற்றத் திட்டங்களில் ஒன்று. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என எல்லாரும் குடியேறிய இடம். தாத்தா எஸ்டேட் லயத்திலிருந்து இங்கே வந்தவர். எட்டு ஏக்கர் பால்மரம், கால் ஏக்கரில் வீடு. மூன்று தலைமுறை சாப்பிட்டது அதில்தான்.

கிராண்டு, அதாவது நிலப் பட்டா, அப்பா பெயரில் இருந்தது. 1958-ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டப்படி அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகள் நால்வருக்கும் சமம். ஆனால் குடியேற்ற நிலத்துக்கு 1960-இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது. நிலத்தைத் துண்டு போட முடியாது. இரண்டு பேருக்கு மேல் பெயர் ஏறாது. தம்பிக்கு இதில் பெரிய வருத்தம். எனக்கோ அந்தச் சட்டம் சரி என்றே படுகிறது. துண்டு போட்டால் அந்தப் பால்மரம் ஒரு வீட்டைக்கூடக் காப்பாற்றாது.

நில அலுவலகத்தில் சொத்துப் பகிர்வு மனுவான ஏ பாரம், மரணச் சான்றிதழ், கிராண்டு நகல், எல்லாருடைய ஐசி (அடையாள அட்டை) நகல் கொடுத்தோம். சிக்கியது பெயரில்தான். கிராண்டில் அப்பா பெயருக்கு ஓர் எழுத்து அதிகம். இரண்டும் ஒரே ஆள் என்று சத்தியப் பிரமாணம் எடுக்க வேண்டியதாயிற்று. உங்கள் வீட்டிலும் கிராண்டையும் ஐசியையும் இன்றைக்கே பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே.

விசாரணைக்கு வாரிசுகள் எல்லாரும் வர வேண்டும். அக்கா ஜொகூரிலிருந்து லீவு போட்டு வந்தார். அம்மாவைக் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். மை பதிந்தது, ரேகை பதியவில்லை. நாற்பது வருடம் ஆசிட்டும் ஒட்டுப்பாலும் தின்ற விரல், வழவழவென்று இருந்தது. துடைத்துத் துடைத்து மூன்றாவது தடவைதான் லேசாகக் கோடு தெரிந்தது. அதுவரை முறைத்துக்கொண்டிருந்த தம்பி எழுந்து போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

அம்மா பெயரும், கூட வெட்டும் என் பெயரும் ஏறின. அப்புறம்தான் பால் விற்கும் அனுமதி அட்டையையும் மாற்ற முடிந்தது. செலவு போக மிஞ்சுவதில் மற்ற மூவருக்கும் பங்கு என்று பேசி எழுதிக்கொண்டோம். உறைந்த கட்டிப்பாலை எடை போட்டதும் ரசீதைப் படம் எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். முதலில் பார்ப்பது தம்பிதான்.