மேத்தி மத்ரி, இந்த தடவ மொறுமொறுன்னு

வடக்க தீபாவளிக்குப் பண்ற மேத்தி மத்ரி, அதான் வெந்தயக்கீர போட்ட மைதா தட்ட, இன்னைக்கு வீட்ல போட்டேன், அவ்ளோ சந்தோஷம்! 2 கப் மைதாவுக்கு கால் கப் நெய், ஓமம், உப்பு, கைல கசக்கின கஸூரி மேத்தி (காஞ்ச வெந்தயக்கீர) 2 ஸ்பூன். நெய்ய மாவுல நல்லா பிசிறி ஒரு பிடி பிடிச்சா கொழுக்கட்ட மாதிரி உடையாம நிக்கணும், அதுதான் இதுக்கு உயிரே. தண்ணி தெளிச்சு கெட்டியா பிசைஞ்சு 20 நிமிஷம் மூடி வச்சு, தட்டி ஃபோர்க்கால குத்திடுங்க, இல்லன்னா பூரியா உப்பிடும். போன தடவ அவசரத்துல தீய ஏத்தி, வெளிய செவந்து உள்ள மெத்துனு போச்சு, மனசே விட்டுப்போச்சு. இந்த தடவ சிம்லயே வச்சு எண்ணெய் சத்தம் அடங்குற வரைக்கும் விட்டேன். உடைச்சா ஏடு ஏடா வருது, மேத்தியோட லேசான கசப்பு கடைசியா நாக்குல வந்து நிக்குது பாருங்க, டீயோட அப்படி ஒரு ருசி!