அலபாமாவுல மாமாவும் நானும்

ஆகஸ்ட் 12, 2024, திங்கள் (ஒபெலைக்கா)

காலைல 6 மணிக்கு அட்லாண்டாவுல இருந்து கெளம்பினோம், நானும் மாமாவும் மட்டும். வீட்டம்மாவுக்கு இந்த வாரம் ஆபீஸ்ல ஏதோ ரிலீஸாம், அப்பா பகல் பூரா டிவி முன்னாடியே உக்காந்திருக்காரு, நீங்க உங்க கோல்ஃப் ட்ரிப்புக்கு அவரையும் கூட்டிட்டு போங்கன்னுட்டா. மாமா கரூர் பக்கம் அரசு நடுநிலைப்பள்ளில ஹெட்மாஸ்டரா இருந்து 2011-ல ரிட்டயர் ஆனவரு, கோல்ஃப் பந்த இதுக்கு முன்னாடி கையில தொட்டதில்ல. "நான் வந்து என்ன மாப்ள பண்ணப் போறேன்"னாரு. மைதானத்துக்குள்ள போற குட்டி வண்டி, அந்த கார்ட் ஓட்டுங்க மாமான்னேன், அந்த ஒரு வார்த்தைக்கு ஆள் ரெடி.

85 ஹைவேல ஜார்ஜியா எல்லைய தாண்டினதும் போன்ல மணி ஒன்னு கொறஞ்சிடுச்சு. அலபாமா நம்மள விட ஒரு மணி நேரம் பின்னாடி, இது எனக்கு தெரியும், ஆனா டீ டைம், அதான் ஆட்டம் ஆரம்பிக்கற நேரம், புக் பண்றப்போ மறந்துட்டேன். காலைல சீக்கிரம் கெளம்பினதும் இதுவும் சேந்து, கிராண்ட் நேஷனல்ங்கற கோல்ஃப் மைதானத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே போய் நின்னோம். மாமாவுக்கு ஏக சந்தோஷம், அவரு ட்ரெயினுக்கே மூணு மணி நேரம் முன்னாடி ஸ்டேஷன் போற ஆளு.

சும்மா உக்காந்திருந்த நேரத்துல இந்த இடத்தோட கதைய சொன்னேன். ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸ் கோல்ஃப் ட்ரெயில்னு பேரு, அலபாமா முழுக்க 11 இடம், 26 கோர்ஸ், மொத்தம் 468 ஹோல், அதாவது பந்த போட வேண்டிய குழி. யாரு வேணா போய் காசு கட்டி ஆடலாம், மெம்பர்ஷிப் எதுவும் கிடையாது. 1992-ல தான் முதல் கோர்ஸ்கள திறந்தாங்க. இதெல்லாம் யாரு பணம்னு மாமா கேட்டாரு. வாத்தியாருங்க பென்ஷன் பணம் மாமான்னேன். நெஜமாவே அப்படித்தான், இந்த மாநிலத்து டீச்சர்களோட, அரசு ஊழியர்களோட ஓய்வூதிய நிதிய நடத்துற டேவிட் ப்ரோனர்ங்கறவரோட யோசனை இது, கோர்ஸ் கட்டினா ஊருக்கு ஆளு வருவாங்க, ஆளு வந்தா வேலையும் வரியும் வரும், நிதியும் வளரும்னு. மாமா கொஞ்ச நேரம் ஒன்னுமே பேசல. அப்புறம் "வாத்தியாரு காசுலயா இவ்ளோ புல்லு"ன்னாரு.

லேக் கோர்ஸ். 600 ஏக்கர் ஏரி, 12 ஹோல் கரையோரமாவே போகுது. 2015-லேர்ந்து 2017 வரைக்கும் பிஜிஏ டூர்ல பார்பசால் போட்டி நடந்தது இதே கோர்ஸ்லதான். 15-ஆவது ஹோல் பார் 3, அதாவது மூணு ஷாட்ல முடிக்கணும், தண்ணிக்கு அந்தப்பக்கம் க்ரீன், அதான் குழி இருக்கற வழவழ புல்தரை. நான் மூணு பந்த ஏரிக்கு காணிக்கை போட்டேன்.

ஸ்கோர் கார்ட மாமாகிட்ட குடுத்தது தப்பா போச்சு. ஒவ்வொரு ஹோலுக்கும் வருகைப் பதிவேடு மாதிரி கோடு கிழிச்சு எழுதறாரு. ஒன்பதாவது ஹோல் முடிஞ்சதும் ஆறுன்னு சொன்னேன். பேனாவ எடுக்காம என்னையே பாத்தாரு. "மரத்தடில ரெண்டு தடவை காத்த அடிச்சீங்களே மாப்ள, அது கணக்குல இல்லையா?" இருக்கு. பந்த அடிக்கணும்னு வீசினா படாட்டியும் ஒரு ஷாட்தான், ரூல் அப்படி. எட்டுன்னு எழுதினாரு. பத்து வருஷமா என் ஃப்ரெண்ட்ஸ் கூட ஆடறேன், ஒருத்தன் கூட இத கேட்டதில்ல.

மொத்தம் 117. கோல்ஃப்ல ஸ்கோர் கம்மியா இருந்தாதான் பெருமை, எனக்கு தெரிஞ்சு நான் 105 ஆடுற ஆளு.

சாயங்காலம் ஆபர்ன் டவுன்ல டூமர்ஸ் ட்ரக்ஸ், 1896-லேர்ந்து இருக்கற கடை, லெமனேட் தான் அங்க ஃபேமஸ். மாமா ஒரு வாய் உறிஞ்சிட்டு, நல்லாருக்கு, ஒரு சிட்டிகை உப்பு கேளுங்கன்னாரு. நான் கேக்கல.

ஆகஸ்ட் 13, செவ்வாய் (ப்ராட்வில்)

கேபிடல் ஹில். ஜட்ஜ், செனட்டர், லெஜிஸ்லேட்டர்னு மூணு கோர்ஸ், மான்ட்கோமரி தலைநகர் பக்கத்துல இருக்கறதால இந்த பேரு போல. செனட்டர்ல எங்க பாத்தாலும் கிணறு மாதிரி பங்கர், அதான் மணல் குழி, 2011-ல லெக்ஸி தாம்சன் 16 வயசுல எல்பிஜிஏ, அதாவது பொம்பளைங்க ப்ரோ போட்டி ஜெயிச்சது இந்த வளாகத்துலதான். எனக்கு மணல் அலர்ஜி, அதனால ஜட்ஜ்.

ஜட்ஜோட முதல் டீல, அதான் முதல் பந்து அடிக்கற மேடைல நின்னா கீழ 200 அடி பள்ளம், அதுக்கு அந்தப்பக்கம் அலபாமா ஆறு வளைஞ்சு போகுது, காலைப் பனி ஆத்து மேல இன்னும் கலையல. மாமா கார்ட நிறுத்திட்டு எறங்கி கைய பின்னாடி கட்டிட்டு நின்னு பாத்தாரு, காவேரிப் பாலத்துல நிப்பாரே அதே மாதிரி. நான் அடிச்ச பந்து அந்தரத்துல ரொம்ப நேரம் போச்சு. அவ்ளோ ஒசரத்துல இருந்து அடிச்சா மோசமான ஷாட்டும் அழகாத்தான் இருக்கும். ரொம்ப நேரம் அழகா போயி வலது பக்கம் காட்டுக்குள்ள விழுந்துச்சு. தேட மூணு நிமிஷந்தான் டைம், 2019-க்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் இருந்துச்சு. மாமா வாட்ச பாத்துட்டு "முடிஞ்சது"ன்னாரு.

காசு விஷயம் சொல்லிடறேன், நிறைய பேரு கேக்கறீங்க. மலிவா ஆடணும்னா இந்த மாதிரி ஆகஸ்ட் வெயில்ல, வார நாள்ல வாங்க, அப்போதான் ரேட் கொறையும். ட்ரெயில் கார்டுன்னு ஒன்னு விக்கறாங்க, ரெண்டு மூணு ரவுண்டு ஆடற ஆளுன்னா பிரயோஜனம். மத்தியானத்துக்கு மேல ட்வைலைட் ரேட் இன்னும் கம்மி, ஆனா இருட்டறதுக்குள்ள 18 முடிக்கணும். இன்னொன்னு, இந்த மாதிரி சூடான ஊரு கோர்ஸ்கள்ல கோடைல க்ரீன்ல வரிசையா ஓட்டை போட்டு மண்ண எடுத்துட்டு மணல் நிரப்புவாங்க, வேருக்கு காத்து போறதுக்கு. அந்த ரெண்டு வாரம் நெறைய கோர்ஸ்ல டிஸ்கவுன்ட் கெடைக்கும். பட் பண்ணா, அதான் க்ரீன்ல பந்த குழிய பாத்து உருட்டினா, பந்து தட்டித் தட்டி போகும். என் பட்டிங்குக்கு அது ஒரு நல்ல சாக்கு.

பட்டிங்னு சொன்னதும் ஞாபகம் வருது, அப்படி உருட்டற மட்டைக்கு பட்டர்னு பேரு. மாமா, அந்த பட்டர எடுங்கன்னேன். "பட்டரா, பெருமாள் கோயில்ல இருப்பாரே அவரா?" வெயிலுக்கு அந்த ஜோக்கே தாங்கல.

வெயில பத்தி அவரு மட்டும் ஒரு வார்த்தை கொறை சொல்லல. நான் ஒவ்வொரு ஹோலுக்கும் ஐஸ் துண்ட கழுத்துல சுத்திக்கிட்டு இருந்தேன், அவரு முழுக்கை சட்டைல உக்காந்துட்டு கத்திரியில பாதி கூட இல்லையேங்கறாரு.

ஆகஸ்ட் 14, புதன் (மான்ட்கோமரி)

ஆட முடியல. காலைலயே இடி, ஹாரன் அடிச்சு எல்லாரையும் உள்ள வரச் சொல்லிட்டாங்க. சரின்னு டவுனுக்கு போனோம்.

மாமா தான் டெக்ஸ்டர் அவென்யூ சர்ச் எங்கன்னு கேட்டாரு. மார்ட்டின் லூதர் கிங் 1954-லேர்ந்து 60 வரைக்கும் போதகரா இருந்த இடம், சின்ன செங்கல் கட்டடம், அதே தெருவோட மேல் முனையில மாநில சட்டசபை வெள்ளையா ஒசந்து நிக்குது. ரோசா பார்க்ஸ் 1955 டிசம்பர் 1-ஆம் தேதி பஸ்ல சீட்ட விட்டுக் குடுக்க மாட்டேன்னதும், அதுக்கப்புறம் 381 நாள் இந்த ஊரு ஜனங்க பஸ்ஸுல ஏறாம நடந்தே போனதும் மாமா மடமடன்னு சொல்றாரு. வருஷா வருஷம் வகுப்புல சொன்னதாம். "381 நாள்னு கரும்பலகைல எழுதிப் போடுவேன் மாப்ள, தெரு இவ்ளோ ஏத்தமா இருக்கும்னு தெரியாது."

மத்தியானம் ஒரு மீட் அண்ட் த்ரீ கடை. ஒரு கறி, மூணு காய், கூட சோள ரொட்டி, தட்ட எடுத்துட்டு வரிசைல போகணும். மாமா மாட்டுக்கறி, பன்னிக்கறி ரெண்டும் தொட மாட்டாரு, அதனால கோழி. கூட வெண்டைக்கா வறுவல், அவிச்ச பயறு. ஒரு ஸ்பூன் எடுத்தவரு நிமிர்ந்து பாத்தாரு, "மாப்ள, இது நம்ம தட்டப்பயறு". அதேதான், கருப்பு கண்ணு வெச்ச பயறு. கீரையும் எடுத்துட்டாரு, நான் தான் தடுத்தேன், இங்க காலர்ட் கீரைய பெரும்பாலும் பன்னிக்கறித் துண்டு போட்டுத்தான் வேக வெப்பாங்க. கீரைல கூடவான்னு கேட்டுட்டு தட்டுல அத ஒரு ஓரமா தள்ளி வெச்சாரு, சாப்பிட்டு முடியற வரைக்கும் அதையே சந்தேகமா பாத்துட்டிருந்தாரு.

ராத்திரி படுக்கறப்போ திரும்பவும் பென்ஷன் பேச்சு. அவருக்கு பழைய பென்ஷன். என் மச்சினனும் வாத்தியார்தான், 2012-ல வேலைக்கு சேந்தவன், 2003 ஏப்ரல் 1-லேர்ந்து சேந்தவங்களுக்கு தமிழ்நாட்டுல 2024 நெலவரப்படி பங்களிப்பு திட்டம், அவனுக்கு இவ்ளோ வரும்னு உறுதி எதுவும் இல்ல. "அவன் காசுல யாராச்சும் எங்கயாச்சும் புல்லு வளத்துட்டு இருப்பாங்களா?" எனக்கு பதில் தெரியல, தூங்கற மாதிரி படுத்துக்கிட்டேன்.

ஆகஸ்ட் 15, வியாழன் (க்ரீன்வில்)

மாமா அஞ்சு மணிக்கே எழுந்து குளிச்சு வெள்ளை சட்டை போட்டு உக்காந்திருக்காரு. 35 வருஷம் கொடியேத்தின கை. மோட்டல் ரிசப்ஷன்ல இருந்த பெப்பர்மின்ட் மிட்டாய் ரெண்டு எடுத்து ஒன்ன என்கிட்ட நீட்டினாரு. ஆரஞ்சு மிட்டாய் இல்ல, இருந்தாலும் வாங்கி வாயில போட்டுக்கிட்டேன்.

கேம்ப்ரியன் ரிட்ஜ், 65 ஹைவேல தெக்க ஒரு மணி நேரம். கேன்யன், ஷெர்லிங், லாப்லாலின்னு மூணு ஒன்பது ஹோல், அதுல ரெண்ட சேத்து ஆடணும். மேடு பள்ளம்னா அப்படி ஒரு மேடு பள்ளம், இங்க கார்ட் இல்லாம நடந்து ஆடறவன் தெய்வப்பிறவி. நேத்து மழைக்கு ஃபேர்வே, அதான் நடுவுல இருக்கற புல்வெளி, ஈரம், கார்ட் பாதைய விட்டு எறங்கக் கூடாதுன்னு போர்டு. பந்து இந்த முனைல, பாதை அந்த முனைல. நான் மூணு க்ளப்ப, அதான் மட்டைய, தூக்கிட்டு ஓட, மாமா பாதைலயே ஊர்கோலம் வந்தாரு.

109. மாமா கணக்குல. இந்த ஸ்கோர நான் யார்கிட்ட வேணா சொல்லுவேன்.

சாப்பாடு பேட்ஸ் ஹவுஸ் ஆஃப் டர்க்கி, 1970-லேர்ந்து வான்கோழி மட்டுமே போடறாங்க. இங்க மத்த ஜனங்க நவம்பர்ல தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு சாப்பிடறத இவங்க வருஷம் பூரா போடறாங்க. கறி நல்லா மெத்துன்னு இருந்துச்சு, மேல ஊத்தின க்ரேவி தான் எனக்கு சப்புன்னு பட்டுச்சு, மாமா பைல இருந்து எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் வெளிய வந்துச்சு. அந்த பை எங்க இருந்துச்சு, எப்படி இத்தனை நாளு எனக்கு தெரியாம இருந்துச்சு, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

டிவில ஏதோ கோல்ஃப் மேட்ச் ஓடிட்டு இருந்துச்சு. ப்ரோ ஒருத்தன் அடிச்சத பாத்துட்டு மாமா என்ன பாத்தாரு, தட்டுல இருந்த கறியவும் பாத்தாரு. "மயில பாத்து இது ஆடின கதை தெரியும்ல மாப்ள?" தெரியும் மாமா, சாப்பிடுங்க.

வர்ற வழில ரோட்டோரம் ஒரு வேன், கையால எழுதின போர்டு, அவிச்ச கடலை. பெரிய அண்டால உப்புத்தண்ணில கொதிக்குது, கரண்டில அள்ளி ஃபோம் கப்புல ஊத்தி தர்றாங்க, தண்ணியோட. பச்சைக் கடலைய மணிக்கணக்கா வேக விடறதால ஓடு ஊறி தோல் மாதிரி ஆயிடுது, பல்லால கடிச்சா சூடா உப்புத்தண்ணி பீச்சி அடிக்கும். மாமா சட்டைல அடிச்சுது, வெள்ளை சட்டை. அதப் பத்தி அவரு ஒரு வார்த்தை பேசல. கார் கதவுல சாஞ்சு நின்னுட்டே ஒரு கப் காலி பண்ணிட்டு, இன்னொன்னு வாங்கிக்கலாமான்னு மட்டும் கேட்டாரு.

ஆகஸ்ட் 16, வெள்ளி (திரும்ப ஒபெலைக்கா, வீடு)

வீட்டுக்கு போற வழிதானேன்னு மறுபடி கிராண்ட் நேஷனல், இந்த தடவை ஷார்ட் கோர்ஸ். 18 ஹோலும் பார் 3, இருக்கறதுலயே மலிவு, ஆனா ஒப்புக்கு போட்ட கோர்ஸ் இல்ல, அதே ஏரிதான் இங்கயும் எட்டிப் பாக்குது. புதுசா ஆடறவங்கள கூட்டிட்டு வர இத விட நல்ல இடம் நான் பாத்ததில்ல.

மாமாவுக்கும் சேத்து காசு கட்டினேன். வேண்டாம் வேண்டாம்னாரு, அதுக்குள்ள வேட்டிய மடிச்சுக் கட்டற மாதிரி பேன்ட்ட மேல இழுத்துக்கிட்டாரு. ஒன்பதாம் நம்பர் அயர்ன் மட்டைய குடுத்தேன். முதல் ரெண்டு வீச்சு காத்து. மூணாவது பந்து பத்தடி. பின்னாடி வந்த நாலு பேர முன்னாடி போகச் சொல்லி வழி விட்டுட்டோம், அவங்க மாமாவுக்கு தொப்பிய தூக்கி காட்டிட்டு போனாங்க. ஒரு வழியா க்ரீனுக்கு வந்தோம். பட்டர குடுத்தேன். தூரம் பாத்தா ஒரு 20 அடி இருக்கும், வலமிருந்து எடமா சரிவு. குனிஞ்சு வாசல்ல கோலப்பொடி புள்ளி பாக்கற மாதிரி தரைய பாத்தாரு, தட்டினாரு, பந்து வளைஞ்சு வளைஞ்சு போயி குழிக்குள்ள டொக்.

கத்தினது நான்தான். அவரு அமைதியா போய் பந்த எடுத்து சட்டைப்பையில போட்டுக்கிட்டாரு. அப்புறம் ஸ்கோர் கார்ட எடுத்து பதினொன்னுன்னு எழுதினாரு. மாமா, முதல் தடவை ஆடறீங்க, அந்த காத்து ரெண்டையும் விட்டுடலாமேன்னேன். மொறைச்ச மொறைப்புல நான் ஏழாங்கிளாஸ் பையன் ஆயிட்டேன்.

18 ஹோலும் முடியல, ஏழோட போதும்னுட்டாரு, முழங்கால். ஸ்கோர் கார்டுக்கு அடில ஆடினவரு ஒரு கையெழுத்து, கூட ஆடினவரு ஒரு கையெழுத்து போடணும்னு கோடு இருக்குல்ல, அவரு எடத்துல முழுப்பேரு, இனிஷியல், தேதியோட போட்டுட்டு கார்டையும் பேனாவையும் என்கிட்ட நீட்டினாரு. எல்லா வரியையும் கூட்டிப் பாத்துட்டு போடுங்கன்னாரு. கூட்டினேன், 64, சரியா இருந்துச்சு, போட்டேன்.

ஜார்ஜியாவுக்குள்ள நொழைஞ்சதும் போன்ல மணி ஒன்னு கூடிடுச்சு. வீட்டம்மா போன் பண்ணி எங்க இருக்கீங்க, சாப்பாடு ஆறுதுன்னா. மாமா தூங்கிட்டாரு, கைய சட்டைப்பை மேல வெச்சுக்கிட்டு.