சித்தியின் இடுப்பில் இருந்த கறுப்புப் பொருக்கு

ஐப்பசி மழை ஓய்ந்து புதர்கள் ஆளுயரம் வளர்ந்திருந்த நேரத்தில், ஒடுகத்தூருக்கு அப்பால் ஜவ்வாது மலையடிவாரத்தில் வசிக்கும் என் சித்திக்குக் காய்ச்சல் வந்தது. ஊரில் இருந்த ஒரு கிளினிக்கில் மூன்று நாட்கள் தொடர்ந்து செஃப்ட்ரியாக்ஸோன் என்ற பாக்டீரியாக்கொல்லி ஊசி போட்டார்கள். காய்ச்சல் 103 டிகிரியிலிருந்து இறங்கவில்லை. "இன்னும் பவரா ஏதாச்சும் போடச் சொல்லுடா" என்று சித்தி தொலைபேசியில் முனகினார். ஐந்தாம் நாள் வேலூருக்கு அழைத்து வந்தோம். இளம் பெண் மருத்துவர் ஒருவர் திரையை இழுத்துவிட்டு உடல் முழுவதும் பொறுமையாகப் பார்த்ததில், பாவாடை நாடா கட்டும் இடத்தில், சிகரெட்டால் சுட்டதைப் போன்ற ஒரு கறுப்புப் பொருக்கு அகப்பட்டது. வலி, அரிப்பு எதுவும் இல்லாததால் சித்தி அதைக் கவனித்திருக்கவே இல்லை. ஸ்க்ரப் டைபஸ், அதாவது உண்ணிக் காய்ச்சல் என்றார் மருத்துவர். டாக்ஸிசைக்ளின் தொடங்கிய இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது.

சித்தி கேட்ட அந்தப் 'பவர்' என்ற சொல்லே இந்தப் பதிவுக்குக் காரணம். முப்பது ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் நடத்தியவன் என்ற முறையில், நான் அவருக்கு அப்போது சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது எழுதுகிறேன். செஃப்ட்ரியாக்ஸோன் வலுக் குறைந்த மருந்து அன்று. நிமோனியாவிலும் மூளைக்காய்ச்சலிலும் உயிரைக் காப்பது. சித்தியின் உடலில் இருந்த கிருமியிடம் அந்த மருந்து தாக்கக்கூடிய உறுப்பு ஏறக்குறைய இல்லை, அவ்வளவுதான்.

பெரும்பாலான பாக்டீரியாக்களைச் சுற்றி ஒரு சுவர் உண்டு. கயிற்றுக் கட்டிலைப் போல நீளவாக்கில் சர்க்கரை இழைகளும், அவற்றைக் குறுக்கே இழுத்துக் கட்டும் குட்டைப் புரதத் துண்டுகளுமாக அது பின்னப்பட்டிருக்கிறது. குறுக்குக் கட்டைப் போடுவது ஒரு நொதி. 1928இல் அலெக்சாண்டர் ஃப்ளெமிங் கண்ட பெனிசிலினும், அதே பீட்டா-லாக்டம் வளையத்தைக் கொண்ட செஃப்ட்ரியாக்ஸோன், மெரோபெனெம் போன்றவையும் அந்தப் புரதத் துண்டின் நுனியைப் போலவே தோற்றமளிப்பதால், நொதி ஏமாந்து மருந்தைப் பிடித்துக்கொண்டு அதிலிருந்து மீள முடியாமல் செயலிழந்துவிடுகிறது. கட்டு விழாத சுவர் தளர, நீர் புகுந்து உள்ளே ஏறும் அழுத்தத்தால் கிருமி வெடிக்கிறது. மனித உயிரணுக்களுக்கு இத்தகைய சுவரே இல்லாததால்தான், ஒவ்வாமை உள்ளவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இம்மருந்துகளைப் பெரிய அளவிலும் அச்சமின்றிக் கொடுக்க முடிகிறது. இந்த வளையத்தையே வெட்டிவிடும் நொதியைப் பல கிருமிகள் கற்றுக்கொண்டுவிட்டன. அமாக்சிசிலினுடன் கிளாவுலானிக் அமிலம் சேர்ந்து வருவது, அந்த வெட்டும் நொதியின் வாயை அடைப்பதற்காக.

ஸ்க்ரப் டைபஸை உண்டாக்கும் ஓரியென்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா வேறு வகை. கண்ணுக்கு எளிதில் தெரியாத செந்நிறப் பூச்சி ஒன்றின் இளம்புழு, புதரோரம் நடப்பவரின் ஆடைக்குள் ஏறி, இறுக்கமான மடிப்பில் கடிக்கும்போது அது உடலுக்குள் நுழைகிறது. பிறகு இரத்தக்குழாய்களின் உட்சுவரில் உள்ள உயிரணுக்களுக்குள்ளேயே குடியேறிவிடுகிறது. மற்ற பாக்டீரியாக்களைப் போன்ற தடித்த சுவர் அதற்கு இல்லை. சுவரை உடைக்கும் மருந்து, சுவர் பெயருக்கு மட்டுமே உள்ளதும், நம் உயிரணுவுக்குள்ளேயே பதுங்கியிருப்பதுமான ஒன்றை என்ன செய்துவிட முடியும்?

ஆனால் எந்தக் கிருமியானாலும் புரதம் தயாரித்தே ஆக வேண்டும். அதற்கான பட்டறை ரைபோசோம். பாக்டீரியாவின் ரைபோசோம், 30எஸ் என்றும் 50எஸ் என்றும் குறிக்கப்படும் இரு பகுதிகள் சேர்ந்தது. நம்முடையது அதைவிடப் பெரியது, அமைப்பிலும் மாறுபட்டது. டாக்ஸிசைக்ளின் சிறிய பகுதியில் ஒட்டிக்கொண்டு, அமினோ அமிலங்களைச் சுமந்துவரும் ஆர்.என்.ஏ. வந்து அமரும் இடத்தை அடைத்துவிடுகிறது. அசித்ரோமைசின் பெரிய பகுதியில், உருவாகும் புரதச் சங்கிலி வெளியேறும் குகைவழியில் குறுக்கே நிற்கிறது. ஒன்று சரக்கு உள்ளே வருவதைத் தடுக்கிறது. மற்றது செய்த பொருள் வெளியே போவதைத் தடுக்கிறது. அப்படியானால் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்ற கேள்விக்கு விடை தேடிய ஆய்வு நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களின் தலைமையில் நடந்தது என்பதை இங்கே பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். இந்தியாவின் 7 மருத்துவமனைகளில், கடுமையான ஸ்க்ரப் டைபஸ் கண்ட ஏறத்தாழ 800 பேரிடம் நடத்தப்பட்டு 2023இல் வெளியான அந்த ஆய்வில், இறப்பு, நீடித்த உறுப்புச் சிக்கல், ஐந்து நாளுக்குப் பிறகும் விடாத காய்ச்சல் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, இரு மருந்தும் பெற்றவர்களில் 33 விழுக்காட்டினரும், டாக்ஸிசைக்ளின் மட்டும் பெற்றவர்களில் 47 விழுக்காட்டினரும், அசித்ரோமைசின் மட்டும் பெற்றவர்களில் 48 விழுக்காட்டினரும் அவற்றில் ஏதேனும் ஒன்றுக்கு ஆளாகியிருந்தனர். இறப்பை மட்டும் தனியே எடுத்தால் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சித்திக்கு நோய் அவ்வளவு முற்றவில்லை என்பதால் ஒரே மருந்து போதுமானதாக இருந்தது. (அந்தக் கேப்சூலை ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும், தொண்டைக்குழியில் தங்கினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். சித்தி முதல் நாளே அதை மீறி, நெஞ்செரிச்சலோடு விடிய விடிய உட்கார்ந்திருந்தார்.)

மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கலையை வட ஆர்க்காடு மாவட்டம் வேறொரு நோயில் வெகு காலத்துக்கு முன்பே பார்த்திருக்கிறது. காட்பாடிப் பக்கம் கரிகிரியில் 1955இல் தொடங்கப்பட்ட தொழுநோய் ஆராய்ச்சி மையத்தை இந்தப் பகுதியில் அறியாதவர் இல்லை. விரல் மடங்கிய கைகளோடு பேருந்து நிலையத்தில் அமர்ந்திருந்தவர்களை என் தலைமுறை நன்றாக நினைவில் வைத்திருக்கிறது. அன்று அவர்களுக்குக் கிடைத்தது டாப்சோன் ஒன்றே. சல்ஃபா மருந்துகளைப் போலவே அது ஃபோலேட் என்ற வைட்டமினின் தயாரிப்பைத் தடுப்பது. நாம் ஃபோலேட்டைக் கீரையிலிருந்தும் பருப்பிலிருந்தும் பெற்றுக்கொள்கிறோம். கிருமி தானே சமைத்துக்கொள்ள வேண்டும், அதனால் அடுப்பை அணைத்தால் பட்டினி அதற்கு மட்டுமே. ஆனால் ஆண்டுக்கணக்கில் ஒரே மருந்தைத் தின்றதில், கோடிக்கணக்கான கிருமிகளில் தற்செயலாக மாறியிருந்த சில தப்பிப் பெருகின. 1982இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து முறையில், ஆர்.என்.ஏ. எழுதப்படுவதையே நிறுத்தும் ரிஃபாம்பிசினும், தோலைக் கருக்கும் குளோஃபாசிமினும் டாப்சோனோடு சேர்ந்தன. ஒரு மருந்துக்குத் தப்பும் கிருமி அரிது. ஒரே நேரத்தில் மூன்றுக்கும் தப்புவது அதனினும் மிக அரிது. வாழ்நாள் முழுவதும் என்றிருந்த சிகிச்சை 6 அல்லது 12 மாதங்களாகச் சுருங்கியது இந்த எளிய கணக்கால்தான்.

டி.என்.ஏ.வின் முறுக்கை அவிழ்க்கும் நொதியைப் பிடிக்கும் சிப்ரோஃப்ளாக்சசின் குடும்பத்தைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. டைஃபாய்டுக்கு ஒரு காலத்தில் கைகண்ட மருந்தாக இருந்து, அளவுக்கு மீறிய பயன்பாட்டால் நம் நாட்டில் அந்த நோய்க்கு நம்ப முடியாததாகிவிட்டது. பூஞ்சைக்கு வந்தால், அதன் சவ்வில் நம்மிடமில்லாத எர்கோஸ்டெரால் இருக்கிறது. ஃப்ளூகோனசோலும் டெர்பினஃபினும் அதன் தயாரிப்பைத்தான் தடுக்கின்றன. படர்தாமரைக்கு, தோலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பை மருந்துக்கடையில் தாமாகவே கேட்டு வாங்குபவர்கள், ஒரு கையால் பூஞ்சையை அடித்து மறு கையால் அதற்குச் சோறூட்டுகிறார்கள்.

மாதம் ஒன்று கழித்துச் சித்தி வீட்டுக்குப் போனபோது, அடுக்களையில் கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில், அந்தக் கிளினிக்கில் ஊசியோடு சேர்த்துக் கொடுத்த, அதே பீட்டா-லாக்டம் குடும்பத்துச் செஃபிக்ஸிம் அட்டையில் நான்கு மாத்திரைகள் மிச்சமிருந்தன. ஆறு தீர்ந்திருந்தன. அவற்றில் இரண்டை, சளி பிடித்த பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறார். சளியை உண்டாக்கும் வைரஸுக்குச் சுவரும் கிடையாது, சொந்தமாக ரைபோசோமும் கிடையாது. நம் உயிரணுவின் பட்டறையிலேயே தன் வேலையை முடித்துக்கொள்வது அது. அதனால்தான் வைரஸ் மருந்துகள் குறைவு, இருப்பவையும் ஒவ்வொன்றும் ஒரு தந்திரம். அக்கி வந்தவர்கள் உண்ணும் அசைக்ளோவிர் செயலற்ற பொருளாகவே உடலுக்குள் சென்று, அந்த வைரஸின் நொதியே அதை முதலில் தொட்டுத் தூண்டிய பின்புதான் நஞ்சாகிறது. வைரஸ் இல்லாத உயிரணுவில் அது பெரும்பாலும் சும்மா கிடக்கும்.

இதையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து சொல்லி முடித்தபோது சித்தி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப இது அந்தப் புள்ளைக்கும் கேக்கல, எனக்கும் கேக்கல" என்று சொல்லி என் கையில் கொடுத்துவிட்டு, ஆடு மேய்த்து வந்த பேரனைக் கிணற்றடிக்கு இழுத்துச்சென்று, இடுப்பையும் அக்குளையும் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டத் தொடங்கினார்.