நெவாடா தபாலாபீசும் காந்த வைத்தியமும்: நாட்குறிப்பிலிருந்து

மார்ச் 4

அண்ணன் பேத்தி சட்டம் படிக்கிறாள். "சின்னத் தாத்தா, உங்க தபால் டிபார்ட்மெண்ட் கேஸு, படிச்சுப் பாருங்க" என்று ஒரு கட்டுக் காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். 1902-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. வழக்குப் போட்டது 'அமெரிக்கன் ஸ்கூல் ஆஃப் மேக்னெட்டிக் ஹீலிங்' என்ற காந்த வைத்தியப் பள்ளி. எதிராளி ஜே. எம். மெக்அனல்ட்டி, நெவாடாவின் போஸ்ட்மாஸ்டர். போஸ்ட்மாஸ்டர் பெயரிலேயே கேஸ் என்றதும் மூக்குக்கண்ணாடியைத் தேடினேன்.

இது நெவாடா மாநிலம் இல்லை. மிசௌரி மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே உள்ளவர்கள் நெவேடா என்றுதான் சொல்வார்களாம். 1897-ல் சிட்னி வெல்ட்மர் என்பவர் ஜே. எச். கெல்லி என்ற கூட்டாளியோடு அங்கே இந்தக் காந்த வைத்தியப் பள்ளியை ஆரம்பித்தார். நோயாளிகள் வந்து தங்கினார்கள். வைத்தியம் கற்றுக்கொள்ளவும் ஆட்கள் வந்தார்கள். மருந்து மாத்திரை கிடையாது, கையால் தடவிக் கொடுப்பதும் மனவலிமையும்தான்.

மார்ச் 5

காந்தம் என்ற பெயர்தான். காந்தத்துண்டு எதுவும் இல்லை. வியன்னா வைத்தியர் மெஸ்மர் 1774-ல் நிஜக் காந்தத்தை வைத்து ஆரம்பித்தார். அப்புறம் தன் உடம்பிலேயே அந்தச் சக்தி இருக்கிறது என்று காந்தத்தைத் தூர வைத்துவிட்டார். 1784-ல் பிரெஞ்சு அரசர் போட்ட விசாரணைக் குழுவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் வேதியியல் அறிஞர் லவாய்சியரும் இருந்தார்கள். ஃபிராங்க்ளின் வீட்டுத் தோட்டத்தில் ஒரே ஒரு மரத்துக்கு மட்டும் 'சக்தி ஏற்றி', பன்னிரண்டு வயதுப் பையனின் கண்ணைக் கட்டி ஒவ்வொரு மரமாகக் கூட்டிப்போனார்கள். நாலாவது மரத்தடியில் பையன் மயங்கி விழுந்தான். சக்தி ஏற்றிய மரம் அது இல்லை!

அதோடு முடிந்துபோயிருக்க வேண்டிய சங்கதி, நூறு வருஷம் கழித்து அமெரிக்கச் சிற்றூர்களில் போர்டு மாட்டி நடந்திருக்கிறது. முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்யும் கைரோபிராக்டிக் வைத்தியத்தை உண்டாக்கிய டி. டி. பால்மரும் அயோவா மாநிலத்து டாவன்போர்ட்டில் முதலில் காந்த வைத்தியர்தான்.

மார்ச் 7

வெல்ட்மர் பள்ளியின் நிஜ வருமானம் தபாலில். ஊருக்கு வர முடியாதவர்களுக்குத் தூரத்திலிருந்தே வைத்தியம். நோயாளி தன் வீட்டில் குறித்த நேரத்தில் அமைதியாக இருக்க வேண்டும். வைத்தியர் நெவாடாவிலிருந்து எண்ணத்தை அனுப்புவார். எண்ணம் போக ஸ்டாம்பு வேண்டாம். பணம் வரத்தான் கவர் வேண்டும். செக், டிராஃப்ட், மணியார்டர் எல்லாம் மெக்அனல்ட்டியின் கவுண்டர் வழியாகத்தான்.

1900 மே 15-ல் அமெரிக்கத் தபால் இலாகாவின் தலைவரான போஸ்ட்மாஸ்டர் ஜெனரலிடமிருந்து உத்தரவு. இந்தப் பள்ளிக்கு வரும் தபாலைக் கொடுக்காதே, 'மோசடி' என்று முத்திரை குத்தி அனுப்பியவருக்கே திருப்பு, மணியார்டரைப் பட்டுவாடா செய்யாதே.

முப்பத்தாறு வருஷம் தபாலாபீசில் முத்திரை குத்தியவன் நான். 'விலாசதாரர் இல்லை' என்று திருப்புவது ஒரு வேலை. 'மோசடி' என்று திருப்புவது வேறு. முடக்குவாதத்தில் கிடக்கிற ஒருத்தி எழுதின கவர், அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு அவள் ஊர்த் தபால்காரர் கையில், தெருவே பார்க்கத் திரும்பிப் போகும்.

மார்ச் 8

கண் எரிச்சல். படிக்கவில்லை.

மார்ச் 10

இன்று முடித்தேன். 1902 நவம்பர் 17. எழுதியவர் நீதிபதி பெக்கம். பள்ளி ஜெயித்தது. மனதுக்கு உடம்பின் மேல் ஓரளவு பிடி உண்டு என்பதை யாரும் மறுப்பதில்லை. எவ்வளவு என்பதில்தான் தகராறு. அது அபிப்பிராயம், அதை மோசடி என்று தபால் இலாகா தீர்மானிக்க முடியாது என்கிறார். அம்மை குத்துவதை நம்பாதவர்களும் இருக்கிறார்கள், ஹோமியோபதியை ஏற்காத டாக்டர்களும் இருக்கிறார்கள், அதற்காக அம்மை குத்துபவர், ஹோமியோபதிக்காரர் தபாலையெல்லாம் நிறுத்துவதா என்று ஒரு கேள்வி. இரண்டு நீதிபதிகள் ஒப்பவில்லை.

எனக்கும் முழுசாக ஒப்பவில்லை. அம்மை ஊசியையும் எண்ணம் அனுப்புவதையும் ஒரே தராசில் வைக்கலாமா? ஆனால் பேத்தி போனில் ஒன்றைப் பிடித்துக் கொடுத்தாள். வைத்தியம் பலிக்கும் என்று கோர்ட் சொல்லவே இல்லை. பள்ளி மனுவில் சொன்னதெல்லாம் உண்மை என்று வைத்துக்கொண்டால் என்ன, என்ற கட்டத்தில் வந்த தீர்ப்பு. விசாரணையில் மோசடியை நிரூபிக்க இடம் விட்டிருக்கிறார்கள். இலாகா அதிகாரி சட்டத்தை மீறினால் கோர்ட்டில் கேட்கலாம் என்பதற்காகத்தான் இன்றும் இதைப் பாடமாக வைத்திருக்கிறார்களாம். மேலிடம் சொன்னதைச் செய்த மெக்அனல்ட்டியின் பெயர் அதில் நின்றுவிட்டது. உத்தரவு போட்டவர் பெயர் யாருக்குத் தெரியும்?

மார்ச் 13

எங்கள் ஆபீசுக்கு வி.பி.பி.யில் காந்த பெல்ட் வந்துகொண்டிருந்த காலம் உண்டு. பணத்தைக் கட்டினால்தான் பார்சலைப் பிரிக்கலாம். இட்லிக்கடை அம்மா ஒருத்தர் முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஐந்தும் பத்துமாக எண்ணி வைத்து வாங்கினார். அங்கேயே பிரித்தோம். கறுப்பு ரெக்சின் பட்டை, உள்ளே பொத்தான் அளவில் ஆறு காந்தம், மடித்த நோட்டீஸ் ஒன்று. கவுண்டரில் கிடந்த குண்டூசியைக்கூட அது இழுக்கவில்லை. அந்த அம்மா அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒன்றும் பேசவில்லை.

ஒரு மாதம் கழித்து ஸ்டாம்பு வாங்க வந்தார். முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"தேவலை தம்பி. தங்கச்சிக்கும் ஒண்ணு வேணும். ஒரு கார்டு எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். முத்திரையும் நானே குத்தினேன்.